மாதோட்டத்து மேட்டில் ஒரு கேள்வி

எபேசு நகரத்தை ஒருமுறையேனும் பார்த்துவிட வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. கிரேக்கர் குடியேறி வளர்த்த பழைய துறைமுகப் பட்டினம் அது. இன்று துருக்கி நாட்டின் மேற்குக் கரையோரத்தில் இடிபாடாய்க் கிடக்கின்றது. கனடாவில் வாழும் என் ஒன்றுவிட்ட தமையனார் சென்ற வருடம் கப்பற் பிரயாணமொன்றிற் சென்று, அந்நகரை ஒரே பகலிற் சுற்றிப் பார்த்துப் படங்களை எனக்கு அனுப்பியிருந்தார். காலையிற் கப்பலினின்றும் இறக்கி, வழிகாட்டி ஒருவரை முன்னே நடக்கவிட்டு, அரங்கையும் நூல்நிலையத்தையும் வேத புத்தகத்திற் சொல்லப்பட்ட இடங்களையும் காட்டி, மாலையில் மீண்டும் கப்பலில் ஏற்றிவிடுவார்களாம். ஏறத்தாழ 25,000 பேர் அமரக்கூடிய அரங்கு ஒரு படத்தில். உலக அதிசயம் ஏழனுள் ஒன்றாக எண்ணப்பட்ட ஆர்த்தெமிஸ் தேவியின் ஆலயம் மற்றொரு படத்தில். ஆலயம் என்றேனா? ஒட்டிச் சேர்த்து நிறுத்திய ஒற்றைத் தூண்தான் அங்கே மிச்சம்; அதனருகே அண்ணர் புதுத் தொப்பியுடன் புன்னகை பூத்து நிற்கிறார்.

கிளிநொச்சி மாவட்டத்துக் கல்லூரியொன்றிற் சரித்திரம் கற்பிப்பவன் நான். அப்படங்களை வகுப்பில் மாணாக்கருக்குக் காட்டினேன். பின்வாங்கிலிருந்த ஒருவன், “நாங்கள் எங்கே சேர் போறது, இரணைமடுக் குளக்கட்டுக்கோ?” என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆயினும் அன்றிரவு அவன் வார்த்தை என்னை உறங்கவிடவில்லை. எபேசுவுக்கு நிகரான பட்டினமொன்று எங்களுக்கு எட்டிய தூரத்திலேதானே இருக்கின்றது? கிரேக்கர் அறிந்த துறைமுகம். கடல் கைவிட்ட துறைமுகம். ஆலயம் இடிந்த தலம். அன்னை மரியாளின் திருவுருவம் புறப்பட்ட தலம். மாந்தை என்னும் மாதோட்டம்! அங்கிருந்து மடுவுக்கும் போய் மீளலாம். ஒரு பகல் போதும்.

சென்ற மாசி மாதத்துச் சனிக்கிழமையொன்றில், விடியுமுன் ஐந்து மணிக்கு, வாடகைப் பேருந்தொன்றிற் புறப்பட்டோம். மாணாக்கர் 42 பேர்; ஆசிரியர் மூவர். வழிகாட்டியாக வந்தவர் என்னிடம் முன்னர்க் கற்று, பின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் தொல்லியல் பயின்ற தம்பி. ஒவ்வொருவர் கையிலும் நான் தட்டச்சுச் செய்து கொடுத்த ஆறு பக்கக் குறிப்பு. இரண்டு வாரம் கண்விழித்து எழுதியது. அதன்மீது எனக்குச் சிறிது கர்வமும் இருந்தது என்பதை மறைப்பானேன்?

பரந்தனில் மேற்கே திரும்பிப் பூநகரியை அடைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கோட்டை என்று சொல்லிக் கூட்டிச் சென்றதற்குப் பிள்ளைகள் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் திருத்தி, ஆங்கிலேயர் தங்குமடமாக்கிய அக்கோட்டையில் இன்று பற்றையும் முறிந்த சுவருமே உள. 1993 கார்த்திகையிலும் 2008 கார்த்திகையிலும் இப்பகுதி கண்ட சண்டைகளைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர்கள் வீடுகளில் அது அன்றாடப் பேச்சு. சோழர் காலத்துச் சிவாலயம் மணலில் நிற்கும் மண்ணித்தலைக்கும் போக ஆசைதான். பேருந்து அந்த மணல்வழியிற் போகாது என்று சாரதி ஒரே வார்த்தையிற் சொல்லிவிட்டார்.

பூநகரியிலிருந்து தெற்கே செல்லும் மன்னார் வீதி எனக்குப் பிடித்த வீதி. ஒருபுறம் காடு, மறுபுறம் பனையும் உவர்நிலமும், இடையிடையே கடலின் வெள்ளிக்கீற்றும். பெரும்போக அறுவடை முடிந்த காலமாகையால், வீதியின் ஒரு பாதியை மறித்து நெல் காயவிட்டிருந்தார்கள். சாரதி நெல்லின்மேற் சில்லுப் படாமல் ஓட்டினார், வன்னியிற் பிறந்தவர். முழங்காவில், வெள்ளாங்குளம் என ஊர்கள் கழிந்தன. தேவன்பிட்டியைக் கடக்கையில், விடத்தல்தீவிற் பிறந்து எங்கள் கல்லூரியிற் கற்கும் மாணவி ஒருத்தி எழுந்து நின்று, “சேர், மாதா இங்கேதான் வந்து இருந்தவ. அம்மம்மா சொன்னவ” என்றாள். உண்மைதான். 2008 சித்திரையில் மடுவைச் சூழ்ந்து போர் மூண்டபோது, அங்கிருந்த திருவுருவத்தைக் குருமார் இக்கடலோரக் கிராமத்துக்கு எடுத்து வந்து வைத்திருந்தார்கள். ஆவணி மாதத்தில் அது மடுவுக்குத் திரும்பிற்று. என் ஆறு பக்கத்தில் அச்செய்தி இல்லை. அப்போது நான் அதைப் பெரிதாக எண்ணவுமில்லை.

மாந்தையில் இறங்கியதும் தம்பி முதலிற் சொன்னது ஒரு கட்டளை: “ஒரு ஓட்டுத்துண்டையும் எடுக்கக்கூடாது. கிடந்த இடத்திலே கிடந்தால் அது சாட்சி. உங்கள் பையுக்குள்ளே போனால் வெறும் ஓடு.” சொல்லவேண்டியே இருந்தது. அம்மேட்டில் அடியெடுத்து வைக்குமிடமெல்லாம் பழைய மட்பாண்டச் சிதறல்கள். குதிரை லாடத்தின் வடிவில் வளைந்த இரட்டை அகழியின் நடுவே, பல நூற்றாண்டு மாந்தர் வாழ்ந்து குவித்த குப்பையே மேடாகியிருக்கின்றது. அம்மேட்டின் நடுவிலேதான் திருக்கேதீச்சரம்.

கிறித்துவுக்குப் பின் 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தொலமி என்னும் கிரேக்க நூலாசிரியர், தப்ரபேன் எனப்பட்ட எம் தீவின் இடங்களைக் குறிக்கையில் மொதுத்து என்றொரு வணிகத்துறையைச் சொல்லுகிறார். அது மாந்தையே என ஆய்வாளர் சிலர் கொள்வர். தமிழ் நூல்களிற் பயிலும் யவனர் என்னும் சொல்லும் இக்கடலோடு சேர்ந்து வந்ததே. இவையெல்லாம் பிள்ளைகளுக்கு ஏட்டுச் செய்தி, முகத்தில் அசைவில்லை. அவர்களை அசைத்தவை மூன்று சிறு வித்துக்கள். 2009, 2010ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த அகழ்வில் எடுத்த மண்ணை நீரிலிட்டு அலசியபோது, கருகிய தானியங்கள் மேலே மிதந்தனவாம். அவற்றுள் 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கோதுமை மணி ஒன்று. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திராட்சை விதை ஒன்று. 10 அல்லது 11ஆம் நூற்றாண்டளவிற் கருகிய கராம்பு ஒன்று. கோதுமையும் திராட்சையும் இம்மண்ணில் அக்காலம் விளைந்தவையல்ல, கப்பலில் வந்தவை. கராம்போ கிழக்கே மொலுக்காத் தீவுகளிலிருந்து வந்தது.

“ஒரு கராம்போ சேர்?” என்றான் இரணைமடுக் குளக்கட்டுப் பேர்வழி. “ஒன்றுதான்” என்றார் தம்பி. “ஆசியாவின் அகழ்வுகளிற் கிடைத்த மிகப் பழைய கராம்பு அதுவென்று 2018இல் ஆய்வுக் கட்டுரை வந்தது.” அவன் நெடுநேரம் நிலத்தையே பார்த்தான். ஒரு நகரத்தை நம்ப அவனுக்கு அந்த ஒரு கராம்பு போதுமாயிருந்தது.

தம்பி மேலும் சொன்னவற்றுள் ஒன்று என் மனத்தைத் தைத்தது. 1980 தொடக்கம் 1984 வரை ஜோன் காஸ்வெல் என்னும் அறிஞர் இங்கே விரிவாக அகழ்ந்தார். சீனத்துப் பீங்கான், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த நீலப் பூச்சுப் பாண்டம் என அள்ளிக் குவித்தார். போர் வந்து வேலை நின்றது. அறிக்கை நூலாக வெளிவந்தது 2013இல். தோண்டியதற்கும் படித்ததற்குமிடையே ஏறக்குறைய முப்பது வருடம்! நாங்கள் ஓடிக்கொண்டிருந்த வருடங்கள் அவை.

அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கொஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகர் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலையும் நான் எடுத்துக் காட்டினேன். பூமி தட்டை என்று வாதாடுவதற்காகவே அவர் அந்நூலை எழுதினார். அந்த வாதத்தை விட்டுவிடுவோம். தப்ரபேன் தீவிற் பாரசீகக் கிறித்தவர்க்கு ஒரு திருச்சபை இருந்தது என அவர் குறித்தமையே நமக்கு வேண்டியது. 1912இல் அநுராதபுரத்து அகழ்வில் அத்தகைய சிலுவை செதுக்கிய கல்லொன்று வெளிப்பட்டு அவர் கூற்றுக்குத் துணை நின்றது. ஆகவே, போர்த்துக்கேயர் வருவதற்கு ஆயிரம் வருடம் முன்னரே இத்தீவிற் சிலுவை இருந்தது. வகுப்பிற் கத்தோலிக்கப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். நானும் என்னை நடுநிலையாளன் என எண்ணி மகிழ்ந்துகொண்டேன்.

ஆலயத்துட் சென்றோம். 2022 ஆடியிற் குடமுழுக்குக் கண்ட கருங்கற்றிருப்பணி வெயிலில் மின்னிற்று. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். சம்பந்தர் கடலுக்கு அப்பால் இராமேச்சரத்தில் நின்றே இதனைப் பாடினார் என்பர். எபேசுவைப் படத்திலே கண்டு ஏங்கும் எனக்கு அச்செய்தி எப்போதும் ஆறுதல் தருவது. தரிசனம் முடிந்தபின் வெளிவீதி மரநிழலிற் பிள்ளைகளை இருத்தி, என் குறிப்பின் நான்காம் பக்கத்தை விரித்தேன். 16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் ஆலயத்தை இடித்தமை. அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குச் சென்றன என்னும் மரபு. 1872இல் நாவலர் பெருமான் இத்தலத்தை மீட்க வேண்டுமென்று குரலெழுப்பியமை. 1893இல் நிலம் வாங்கியமை. மறுவருடம் புதைந்திருந்த இலிங்கம் வெளிப்பட்டமை. என் குரல் தானாகவே உயர்ந்தது. பல வருடம் சொல்லிப் பழகிய பாடம் அல்லவா?

முடித்ததும் விடத்தல்தீவு மாணவி கையை உயர்த்தினாள். அமைதியாகவே கேட்டாள்: “சேர், 1544உம் இந்த மன்னாரிலேதானே? அது ஏன் சேர் எங்கட குறிப்பில இல்லை?”

அவ்வாண்டில், புதிதாக ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்களை யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி வெட்டுவித்தான். ஏறத்தாழ 600 பேர் என்று கத்தோலிக்கத் திருச்சபை சொல்லும். அவர்களை வேதசாட்சிகளாகப் போற்றும். இஃது எனக்குத் தெரியாத செய்தியல்ல. பட்டப்படிப்பிற் படித்திருக்கிறேன். ஆயினும் ஆறு பக்கத்தில் அதற்கு ஒரு வரி இடம் கிடைக்கவில்லை.

“அது வேறு பாடம், பிள்ளை” என்றேன்.

அவ்விடையைச் சொன்ன கணத்திலேயே, தப்பித்துக்கொள்ளச் சொன்னது அது என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. அவள் “ஓம் சேர்” என்று சொல்லி உட்கார்ந்தாள். பின்னாலிருந்த பையன் ஒருவன், “சங்கிலி ராசா சும்மா வெட்டினவரோ? பறங்கிக்கு ஆள் சேர்த்ததாலேதானே” என்று முணுமுணுத்தான். தம்பிதான் இடைபுகுந்து, அரசனுடைய அச்சம் அரசியலச்சம் என்றும், அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது என்றும், ஆனால் வெட்டுண்டவர் படை வீரரல்லர், ஏழைக் குடிகள் என்றும் இரண்டு வாக்கியத்திற் சொல்லி முடித்தார். என் மாணாக்கன் என்னைக் காத்தான் என்பதா, திருத்தினான் என்பதா?

பாலாவித் தீர்த்தக்கரையிற் புளிச்சாதப் பொதிகளைப் பிரித்தோம். பிள்ளைகள் இரண்டு மூன்று கூட்டமாகப் பிரிந்து அமர்ந்திருந்ததை அப்போதுதான் கண்டேன். எங்கள் கல்லூரியில் அப்படி ஒருபோதும் அமர்வதில்லை. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முந்திய நாளில், இவ்வாலய வீதியின் வளைவு காரணமாக இரு சமயத்தாரிடையே மூண்ட பூசல் பத்திரிகைகளிற் பெரிதாக வந்தது. அப்போது இவர்கள் சிறு பிள்ளைகள். அத்தகைய பூசல்கள் எங்கே விதைக்கப்படுகின்றன என்று அன்று மேடைகளிற் பேசியவர்களுள் நானும் ஒருவன். புளிச்சாதம் தொண்டையில் இறங்கவில்லை.

உயிலங்குளம், கட்டுக்கரைக் குளம், முருங்கன் எல்லாம் கழிந்து மடுவீதிச் சந்தியிற் பேருந்து காட்டுக்குள் திரும்பியது. பாலையும் வீரையும் இருபுறமும் செறிந்த அந்த வழியில் என் நெஞ்சு வழமைபோற் படபடத்தது. அதன் காரணத்தை என் மாணாக்கரிடம் நான் ஒருபோதும் சொன்னதில்லை.

மடு மாதாவின் திருவுருவம் முதலில் இருந்த இடம் மாந்தையே. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒறுத்த காலத்தில், 1670இல், இருபது குடும்பங்கள் அவ்வுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடி மருதமடுவை அடைந்தன. இன்றுள்ள ஆலயத்துக்கு 1872இல் அடிக்கல் நாட்டினர். 1924 ஆடி 2ஆம் நாள் திருவுருவத்துக்கு முடிசூட்டினர். 2015 தை மாதத்திற் பாப்பரசர் பிரான்சிஸ் இங்கு வந்தார். நாவலர் குரல் கொடுத்த ஆண்டும் இவ்வாலயத்துக்கு அடிக்கல் விழுந்த ஆண்டும் ஒன்றாயிருப்பதை அன்று அங்கே நின்றபோதுதான் கவனித்தேன்.

முகப்பைப் பார்த்தபடி பிள்ளைகள் நின்றார்கள். நான் அவர்களை ஆலயத்துக்குப் பின்புறம், காட்டோரமாக ஒரு பாலை மரத்தடிக்கு அழைத்துச் சென்றேன். அதே மரமோ, அதன் அயல் மரமோ, உறுதியில்லை.

“இந்த இடத்தில் 1997இல் ஒரு தறப்பாள் கொட்டில் இருந்தது. அதிலே நான் பதினான்கு மாதம் இருந்தேன்” என்றேன்.

ஓமந்தைக்கு அருகே எங்கள் ஊர். அவ்வருடம் வைகாசியிற் சண்டை தொடங்கியபோது, அம்மாவும் தங்கையும் நானும் ஒரு துவிச்சக்கரவண்டியோடு புறப்பட்டு, காடு மாறி வந்து சேர்ந்த இடம் மடு. எனக்குப் பதினாறு வயது. எங்களைப்போல ஆயிரமாயிரம் பேர். சைவரும் இருந்தார்கள், கத்தோலிக்கரும் இருந்தார்கள். நீ எந்தச் சமயம் என்று எங்களை எவரும் கேட்கவில்லை. அம்மா காலையில் நீறு பூசுவா. பின் கோயிலுக்குள்ளே போய் மெழுகுதிரி கொளுத்துவா. ஒரு நாள் நான் கேட்டதற்கு, “இருக்க இடம் தந்த வீட்டுக்காரிக்கு வணக்கம் சொல்லாமல் இருக்கலாமோ தம்பி?” என்றா.

அக்கொட்டில்களிடையே, ஓய்வுபெற்ற கத்தோலிக்க ஆசிரியர் ஒருவரும் அகதியாய் வந்திருந்தார். சாதாரண தரப் பரீட்சைக்கு நாங்கள் நாலைந்து பேர் அவரிடம் பாலை மரத்தடியிற் பாடங்கேட்டோம். புத்தகம் இல்லை, மணலிலே தடியாற் படம் வரைவார். எபேசுவை முதன்முதலில் நான் கண்டது அம்மணலிலேதான். அரைவட்டமாக அரங்கை வரைந்து, கதை சொல்லுவார். அர்ச். சின்னப்பர் அங்கே போதித்தபோது, ஆர்த்தெமிஸ் தேவியின் வெள்ளிச் சிற்றுருவங்களைச் செய்து விற்ற தட்டார்கள் தங்கள் தொழில் கெடுமென்று அஞ்சிக் கலகம் மூட்டினார்களாம். சனம் அரங்கிற் கூடி இரண்டு மணிநேரம் ஒரே கூச்சலைத் திரும்பத் திரும்பக் கூவிற்றாம். “வந்தவர்களிற் கனபேருக்குத் தாங்கள் ஏன் வந்தோமென்றே தெரியாதாம், வேத புத்தகத்திலேயே அப்படி எழுதியிருக்கு” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதே எபேசுவில் 431ஆம் ஆண்டு கூடிய பொதுச்சங்கமே மரியாளை இறைவனின் தாய் என அழைக்கலாமென்று தீர்ப்பளித்தது என்பதையும், அதை மறுத்த நெஸ்தோரியுவைத் தள்ளியது என்பதையும், கொஸ்மாஸ் எழுதிய பாரசீகத் திருச்சபைக்கு நெஸ்தோரியர் சபையென்று பின்னாளிற் பெயர் ஒட்டியதையும் அவரிடமே கேட்டேன்.

அவர்தாம் மாந்தையின் கதையையும் எனக்குச் சொன்னவர். திருக்கேதீச்சரம் இடிபட்டதைச் சொல்லும்போது, அதைச் செய்தவர் தம் சமயத்தவர் என்பதை அவர் மெல்ல விழுங்கவில்லை. மறுநாள் 1544ஐச் சொன்னார். சைவப் பிள்ளைகளாகிய எங்கள் முகத்தைப் பார்த்தே சொன்னார். குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை.

“இரண்டு கதையையும் இந்த மரத்தடியிலே கேட்ட நான், உங்களுக்கு ஒன்றைத்தான் எழுதித் தந்தேன். இந்தப் பிள்ளை கேட்டதற்கு மாந்தையில் நான் சொன்னது சரியான மறுமொழியல்ல” என்றேன். அதற்குமேற் பேச இயலவில்லை. விடத்தல்தீவு மாணவி தலைகுனிந்து நின்றாள். முணுமுணுத்த பையன் மெதுவாக, “அந்த வாத்தியார் இப்ப எங்கே சேர்?” என்று கேட்டான்.

அதற்கு என்னிடம் விடையில்லை. 1998இல் நாங்கள் மடுவை விட்டோம். 1999 கார்த்திகையில் எறிகணைகள் வீழ்ந்து, ஆலயத்திற் தஞ்சம் புகுந்திருந்தவர்களுள் நாற்பது பேரளவில் மாண்டார்கள். பெயர்ப்பட்டியலைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பின்பு படிப்பு, உத்தியோகம், மறுபடியும் இடப்பெயர்வு, கலியாணம் என்று வருடங்கள் ஓடிவிட்டன. தேடியிருக்கலாம். தேடவில்லை. இதையும் பிள்ளைகளிடம் அப்படியே சொன்னேன்.

ஆலயத்துள் எல்லாரும் போனோம். சைவப் பிள்ளைகளும் வரிசையில் நின்று மெழுகுதிரி வைத்தார்கள். வெளியே வரும்போது, பாம்புக் கடிக்கு மருந்தென்று பலரும் எடுத்துச் செல்லும் மடு மண்ணைச் சிலர் கடதாசியில் மடித்துக்கொண்டார்கள். தொல்லியற் தம்பி பார்த்தும் பாராதவர்போல் நின்றார். எங்கள் வீட்டுச் சுவாமித்தட்டில், திருநீற்றுக் குடுவைக்குப் பக்கத்தில், அம்மா முடிந்து வைத்த இம்மண் ஒரு சிறு துணியில் இன்னும் இருக்கின்றது. அம்மா இல்லை.

வவுனியாவிலே தேநீர் குடித்துவிட்டு ஏ-9 வீதியில் வடக்கே ஓடினோம். பேருந்திற் பாட்டுத் தொடங்கிவிட்டது. ஓமந்தையைக் கடக்கையில் இருள். எங்கள் ஊருக்குத் திரும்பும் ஒழுங்கை தெரியவில்லை. கிளிநொச்சியில் இறங்கும்போது மணி ஒன்பதரை. பெற்றோர் கூடி நின்றார்கள்.

ஞாயிறு முழுவதும் இருந்து நான்காம் பக்கத்தைத் திருப்பி எழுதினேன். ஆறு பக்கம் ஏழாயிற்று. மடுவும், தேவன்பிட்டியும் உள்ளே வந்தன. திங்கட்கிழமை வகுப்புத் தொடங்குமுன் விடத்தல்தீவு மாணவியை அழைத்து, “வாசித்துப் பார், பிள்ளை” என்று கொடுத்தேன். வாங்கிலிருந்து நிதானமாக வாசித்தாள். பின் சிவப்புப் பேனாவை இரவல் வாங்கி ஓரிடத்தில் ஒரு சிறு வட்டமிட்டு, தாளை என்னிடம் நீட்டினாள்.

1544 என்பதை நான் 1554 என்று தட்டச்சுச் செய்திருந்தேன்.